மேலூர்–திருப்பத்தூர் சாலையில் ஒரு மணி நேரம்: கீழவளவுக் குகையைப் பார்க்கும் முறை

மதுரையிலிருந்து காரைக்குடிக்கோ பிள்ளையார்பட்டிக்கோ போகிறவர்களில் பலர் மேலூரில் பிரிந்து திருப்பத்தூர் சாலையைப் பிடிக்கிறார்கள். மேலூரைத் தாண்டி அந்தச் சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் போனால் கீழவளவு. ஊருக்குப் பக்கத்தில் மொட்டை மொட்டையாகக் குவிந்து கிடக்கும் பாறைகள்தான் பஞ்சபாண்டவர் மலை. அங்கே ஒரு பெரும்பாறையின் அடியில் இயற்கையாக அமைந்த குகைத்தளம் இருக்கிறது. சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் சமண முனிவர்கள் தங்கிய இடம் அது. வண்டியை நிறுத்தி, ஏறிப் பார்த்து, இறங்கி வர ஒரு மணி நேரம் போதும். ஆனால் வருகிறவர்களில் பாதிப்பேர் பத்தே நிமிடத்தில் “இவ்வளவுதானா?” என்று இறங்கிவிடுகிறார்கள். நேராக உள்ளே நுழைந்துவிடுவதால் வரும் ஏமாற்றம் அது. இந்த வகைக் குகையில் விஷயம் உள்ளே குறைவு. குகை வாய்க்கு மேலே தொங்கும் பாறை விளிம்பில், அதாவது நெற்றியில்தான் அதிகம்.

முதலில் இடத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும். இது சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்குப் போகும் சாலை. கைப்பேசி வரைபடத்தில் வெறுமனே திருப்பத்தூர் என்று போட்டால் வட மாவட்டத்துத் திருப்பத்தூருக்கு வழிகாட்டும் வாய்ப்பு உண்டு. “பஞ்சபாண்டவர் மலை” என்று தேடினாலும் இதே குழப்பம்தான், ஆற்காட்டுப் பக்கம் அதே பெயரில் வேறொரு மலை இருக்கிறது. தமிழ்நாட்டில் கற்படுக்கை, அதாவது முனிவர்கள் படுக்கப் பாறையில் வெட்டிய படுக்கை இருக்கும் குன்றுகள் பலவற்றுக்கு மக்கள் வைத்திருக்கும் பெயரே அதுதான். படுக்கை என்றால் பாண்டவர்கள் வனவாசத்தில் படுத்தது என்று கதை. ஆகவே தேடும்போது “கீழவளவு” என்று ஊர்ப்பெயரைச் சேர்த்துத் தேடுங்கள். ஊருக்குள் வந்தபின் வழி கேட்பதாக இருந்தால் “சமணர் குகை எங்கே?” என்பதைவிட “பஞ்சபாண்டவர் மலைக்கு எப்படிப் போகணும்?” என்று கேட்பது சட்டென்று பலன் தரும்.

வண்டியைத் தார்ச்சாலையில் பாதியும் மண்ணில் பாதியுமாக நிறுத்தாதீர்கள். கிரானைட் குவாரிகள் நிறைந்த வட்டாரம் இது, கல் ஏற்றிய லாரி எதிரே வந்தால் ஒதுங்க இடம் வேண்டும். அறுவடைக் காலத்தில் சாலையோரம் நெல்லும் வைக்கோலும் காயும். அதன்மேல் ஏற்றி நிறுத்துவது ஊர்க்காரரோடு சண்டைக்கு நேர்வழி. வைக்கோல் மேல் சூடான எஞ்சினோடு காரை நிறுத்தினால் தீப்பற்றவும் கூடும்.

நேரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் இதில்தான். காலை 6.30 முதல் 9 வரை, அல்லது மாலை 4 முதல் 5.30 வரை. நடுப்பகல் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று வெயில். மரமில்லாத வெறும் பாறை மார்ச்சிலிருந்தே கொதிக்கத் தொடங்கும். உச்சி வெயில் குறைந்த பிறகும் வெகுநேரம் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும், செருப்புக்குள்ளும் அது தெரியும். மற்றது, வெளிச்சம். பாறையில் வெட்டிய எழுத்து என்பது ஆழமில்லாத ஒரு பள்ளம், அவ்வளவே. வெளிச்சம் நேராகவோ எங்கும் பரவலாகவோ விழுந்தால் பள்ளத்தில் நிழல் விழாது, எழுத்து இருப்பதே தெரியாது. சாய்வாக விழுந்தால் ஒரு விளிம்பு ஒளிர்ந்து மறு விளிம்பு கறுக்கும், எழுத்து எழும்பி நிற்கும். கல்வெட்டைத் தேடிக் கிடைக்காமல் திரும்பியவர்களில் பலர் அதன் அடியிலேயே நின்றிருப்பார்கள்.

கொண்டுபோக வேண்டியது அதிகமில்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். ரப்பர் அடிப்பாகம் உள்ள, குதிகால் வார் இருக்கும் செருப்பு அல்லது காலணி. தோல் செருப்பும் தேய்ந்த ஹவாய் செருப்பும் சரிவில் வழுக்கும். கைப்பேசி விளக்கு போதாது, தனியாக ஒரு டார்ச் வேண்டும். வீட்டில் இருநோக்கி (பைனாகுலர்) இருந்தால் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரணக் கருவி போதும். கல்வெட்டு கைக்கெட்டாத உயரத்தில் இருப்பதால் இது ஆடம்பரம் அல்ல. கழிப்பறை, சாப்பாடு எல்லாம் மேலூரிலேயே முடித்துவிடுவது நல்லது. மலையில் எதுவும் கிடையாது என்று நினைத்துக்கொண்டு வருவதே சரி. வாசனைத் தைலம், சென்ட் அன்றைக்கு வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

ஏறுவது

மலை என்று சொன்னாலும் இது குன்றுதான். அவசரப்பட ஒன்றுமில்லை. பாறையின் நிறத்தைப் பார்த்துக் கால் வையுங்கள். மழைநீர் வழக்கமாக ஓடும் தடத்தில் நுண்பாசி படிந்து கறுப்பு வரிகளாகத் தெரியும். காய்ந்திருக்கும்போது அது ஒன்றும் செய்யாது. ஒரு தூறல் விழுந்தால் போதும், சோப்புத் தடவியதுபோல் ஆகிவிடும். வெளிறிய, சொரசொரப்பான இடத்தில்தான் பிடிமானம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை முழுக்க நனைந்திருந்தால் கீழிருந்தே பார்த்துவிட்டுப் போய்விடுங்கள். இடி இடித்தால் வெட்டவெளிப் பாறையில் நிற்கவே கூடாது. குகை வாய்க்குள் ஒதுங்குவதும் பாதுகாப்பல்ல, மின்னல் பாறையில் இறங்கினால் ஈரப் பரப்பு வழியாக உள்ளேயும் பாயும். காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதே சரி.

விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். முன்னால் சாய்ந்து, விரல்நுனியில் எடையைப் போட்டு இறங்காதீர்கள். முழங்காலைச் சற்று மடக்கி, முழுப் பாதமும் பாறையில் பதியும்படி, சரிவுக்குக் குறுக்காக இடவலமாக வளைந்து இறங்குங்கள். ஒரு கை காலியாக இருக்கட்டும். இறங்கும்போது கைப்பேசி சட்டைப்பைக்குள்.

முதலில் பதினைந்து அடி தள்ளி நில்லுங்கள்

குகையின் வாய்க்கு வந்ததும் உள்ளே நுழையாமல் பின்னால் தள்ளி நின்று, மேலே தொங்கும் பாறையின் விளிம்பை இடமிருந்து வலமாகப் பாருங்கள். கிடையாக ஒரு கோடு வெட்டப்பட்டிருப்பது தெரியும். தொல்லியல்காரர்கள் அதைக் காடி என்பார்கள். பாறையில் விழும் மழைநீர் அதன் முகத்தை ஒட்டியே வழிந்து, விளிம்பைச் சுற்றிக்கொண்டு விதானம் வழியாக உள்ளே போகும். அதுதான் நீரின் குணம். நடுவில் ஒரு வெட்டுக் கொடுத்தால் நீர் அந்த வெட்டின் விளிம்பைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். இன்று கான்கிரீட் சன்ஷேடின் அடியில் கொத்தனார் ஒரு சின்னப் பள்ளம் இழுப்பதும் இதே காரணத்துக்குத்தான். மழைநாளில் வந்தால் தரையில் ஈரம் எங்கே நின்றுவிடுகிறது என்று பாருங்கள், காடிக்கு நேர் கீழே ஒரு கோடு தெரியும்.

இயற்கைக் குகையையும் மனிதர் வாழ்ந்த குகையையும் பிரித்துக் காட்டுவது இந்த ஒற்றைக் கோடுதான். குகை தானாக உண்டானது. இந்தப் பக்கத்துப் பாறை கிரானைட் வகை, சுண்ணாம்புக்கல் அல்ல. அதனால் பாதாளத்துக்குப் போகும் சுரங்கம், விதானத்திலிருந்து தொங்கும் கல்விழுது எதையும் எதிர்பார்க்காதீர்கள். பாறையில் இயல்பாக இருக்கும் விரிசல்கள் வழியே நீர் இறங்கி, உள்ளே அரித்து, தளர்ந்த பகுதி பெயர்ந்து விழுந்ததில் உண்டான பொந்து இது. வாய் அகலம், ஆழம் குறைவு. வாசலில் நின்றாலே கடைசிச் சுவர் தெரியும். அந்தப் பொந்தைக் குடியிருக்கும் இடமாக மாற்றியது காடியும் படுக்கையும்.

காடியின் ஓரமாகத்தான் கல்வெட்டு. குகைக்கு உள்ளே தேடுகிறவர்களுக்குக் கிடைக்காமல் போவது இதனால்தான். தமிழி, அதாவது தமிழ் பிராமி எழுத்தில் ஒரே வரி. பொதுவாகக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு வாக்கில் வைக்கிறார்கள். வாசகம் இது: “உபசஅன் தொண்டிலவோன் கொடு பளிஇ”. தொண்டி ஊரைச் சேர்ந்த ஒருவர் கொடுத்த பள்ளி என்பது சுருக்கமான பொருள். பள்ளி என்றால் இங்கே படுக்கை, உறைவிடம், பாடம் நடக்கும் இடம் அல்ல. கடற்கரைத் தொண்டிக்காரர் ஒருவரின் பெயர் உள்நாட்டுப் பாறையில் எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டே பாருங்கள். சமண முனிவர்களுக்கு இருப்பிடம் செய்து கொடுத்தவர்களில் வணிகர்கள் நிறையப் பேர்.

இந்தக் கல்வெட்டில் ஒரு விசித்திரம் உண்டு. சில எழுத்துகள் தலைகீழாகவும் இடவலம் மாறியும் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே தமிழி எழுத்து அட்டவணையைக் கையில் வைத்து ஒப்பிட்டால் முதலில் குழப்பும். “தப்பாகப் பார்க்கிறோம் போல” என்று விட்டுவிடாதீர்கள், படத்தை எடுத்து நூற்றெண்பது பாகை திருப்பிப் பாருங்கள்.

எழுத்தே தெரியாதவர்களுக்கு நாலைந்து உருவங்கள் போதும். கூட்டல் குறி இருந்தால் அது க. நின்ற குச்சி ர. ஒரு கோட்டின்மேல் நட்ட குச்சி ந. கவட்டைக் கம்பைக் கவிழ்த்துக் கால்கள் கீழே இருக்கும்படி வைத்தால் த. பிறை வளைவு ட. இன்றைய ப கிட்டத்தட்ட அன்றைக்கும் ப-தான், இடது கை கொஞ்சம் நீளம். எழுத்தின் மேலோ பக்கத்திலோ ஒட்டிய சிறு கோடுகள் உயிர்க்குறிகள். ‘கொடு’ என்ற சொல்லில் க-வையும் ட-வையும் பிடித்துவிட்டால் மற்றவை பின்னாலேயே வரும். இந்தக் கல்வெட்டுகள் தமிழ்தான் என்பது ஒரு காலத்தில் தெளிவாக இருக்கவில்லை. 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர்தான் ழ, ள, ற, ன போன்ற தமிழுக்கே உரிய எழுத்துகளை இவற்றில் அடையாளம் காட்டி அதை நிறுவினார்.

படம் எடுப்பது

கைப்பேசியின் ஃபிளாஷை அணையுங்கள். அது லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் வெளிச்சம் நேராகப் போய் எழுத்தைத் தட்டையாக்கிவிடும். ஒருவர் எதிரே நின்று எடுக்கட்டும், இன்னொருவர் டார்ச்சைப் பாறையின் முகத்தோடு ஒட்டினாற்போல், பக்கவாட்டிலிருந்து அடிக்கட்டும். கோணம் குறையக் குறைய நிழல் நீளும். ஒரே படத்தோடு நிறுத்தாதீர்கள். பக்கத்திலிருந்து அடித்தால் செங்குத்துக் கோடுகள் துலங்கும், கிடைக்கோடுகள் மறையும். மேலிருந்தோ கீழிருந்தோ அடித்தால் இதற்கு நேர்மாறு. இடம், வலம், கீழ் என்று குறைந்தது மூன்று படங்கள் எடுத்தால்தான் எழுத்து முழுமையாகச் சேரும். டார்ச் எட்டாவிட்டால் ஒரு குச்சி நுனியில் கட்டிக்கொள்ளலாம், பாறையைத் தொடக்கூடாது.

சாக்பீஸ் தடவுவது, தண்ணீர் தெளிப்பது, மைதா பூசுவது எல்லாம் செய்து எழுத்தை “எடுப்பாக”க் காட்டும் வழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து வேண்டாம். சாக்பீஸ் பிடிக்கிறவர் தனக்குத் தெரிந்த கோட்டைத்தான் இழுக்கிறார். இயற்கை விரிசல் எழுத்தாகிவிடும், உண்மையான கோடு விடுபட்டுவிடும். அடுத்து வருகிறவர் படிப்பது கல்வெட்டை அல்ல, முந்தியவரின் ஊகத்தை. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்தினால் மத்தியச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். காதலர் பெயர் பொறிப்பதும் பெயின்ட் அடிப்பதும் இதில் அடக்கம்.

இனி உள்ளே

தலையைக் குனிந்து போங்கள். வாயிலிலிருந்து உள்ளே போகப் போக விதானம் தாழும். இருட்டுக்குக் கண் பழகும் முன் நிமிர்ந்தால் நெற்றியில் அடி நிச்சயம். தரையில் ஆள் படுக்கும் அளவில் வெட்டி வழவழப்பாக்கிய கற்படுக்கைகள். தலைமாட்டுப் பக்கம் சற்று உயர்ந்திருந்தால் அது கல்தலையணை. கையை வைத்துப் பார்ப்பதைவிட டார்ச்சைத் தரையோடு தரையாக வைத்து அடியுங்கள், உளித்தடம் தேய்ந்த இடமும் தேயாத இடமும் வேறுவேறாகத் தெரியும். படுக்கைமேல் செருப்போடு ஏறி நடக்காதீர்கள். சில இடங்களில் ஊர்க்காரர்கள் விளக்கேற்றிக் கும்பிடுவதும் உண்டு, அங்கே செருப்பைக் கழற்றிவிடுவதே மரியாதை. வெளிவாசலில் பாறைத்தரையில் வட்டக்குழிகள் தென்பட்டால், அவை பந்தல்கால் நட்ட குழிகளா என்று யோசித்துப் பாருங்கள். இதுபோன்ற குகைகள் பலவற்றில் முன்னால் ஓலைக்கூரை இறக்கியிருக்கிறார்கள்.

பாறை முகத்தில் இருக்கும் தீர்த்தங்கரர் (சமணர் வணங்கும் பெரியோர்) சிற்பங்களைப் படுக்கைகளோடு ஒரே காலத்தில் வைத்துவிடுவதுதான் இங்கே நடக்கும் பொதுவான தவறு. சிற்பங்களும், வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டுகளும் 9, 10-ஆம் நூற்றாண்டு வாக்கினவை. படுக்கைக்கும் சிற்பத்துக்கும் நடுவே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு. சம்மணமிட்டு, மடியில் கைமேல் கை வைத்திருப்பதால் பலரும் புத்தர் என்று சொல்லிவிடுகிறார்கள். தலைக்குமேல் அடுக்கடுக்காக மூன்று குடை இருக்கிறதா, உடம்பில் ஆடையின் கோடு இல்லையா என்று பாருங்கள். இரண்டும் பொருந்தினால் தீர்த்தங்கரர். தலைக்குமேல் பாம்பு படம் விரித்திருந்தால் பார்சுவநாதர்.

தேனீ, வவ்வால், குவாரிக்குழி

தொங்குபாறையின் அடியில் மலைத்தேனீ கூடு கட்டும். தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்புத் தட்டுபோல், சில சமயம் அலையலையாக அசைந்துகொண்டிருக்கும். கூடு இருந்தால் அன்றைக்குக் குகை வேண்டாம், தூரத்திலிருந்தே இருநோக்கியில் பார்த்துக்கொள்ளலாம். புகை, சென்ட், கூச்சல், கல்லெறிதல், பறக்கும் கேமரா எல்லாமே அவற்றைக் கிளப்பும். கிளம்பிவிட்டால் கையால் அடிக்காதீர்கள். நசுங்கிய தேனீயின் வாடை மற்றவற்றை இன்னும் கூப்பிடும். துண்டாலோ புடவைத் தலைப்பாலோ முகத்தை மூடிக்கொண்டு, கால் வைக்கும் இடத்தைப் பார்த்தபடி இறங்கி, வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றுங்கள். தண்ணீரில் குதிப்பதால் பயனில்லை, மேலே வரும்வரை சுற்றிக்கொண்டிருக்கும். கொடுக்கை உடனே சுரண்டி எடுங்கள், உள்ளே நிற்கும் நேரமெல்லாம் விஷம் இறங்கும். மூச்சுத்திணறல், உதடு அல்லது முகவீக்கம், மயக்கம், அல்லது நிறையக் கொட்டு என்றால் 108-ஐ அழையுங்கள். குழந்தைக்கும் வயதானவருக்கும் சில கொட்டே அதிகம்.

மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் உள்ளிடுக்கில் வவ்வால் இருக்கிறது. அந்த எச்சத்தூளைக் கிளப்பிச் சுவாசிப்பது நுரையீரலுக்கு ஆகாது. அந்த மூலைக்குப் போகாதீர்கள், வெளிச்சம் அடித்து எழுப்பவும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத பொந்தில் கைவிடாமலிருப்பதும், கிடக்கும் பலகைக்கல்லைப் புரட்டாமலிருப்பதும் பாம்பு, தேளுக்காக. உடைந்த பாட்டில் சில்லுக்காகவும்தான், சொல்லப்போனால் அதுதான் அடிக்கடி காலைக் கிழிப்பது.

பக்கத்தில் எங்காவது குளம்போல் பச்சையாகத் தண்ணீர் நிற்கும் குவாரிக்குழி கண்ணில் பட்டால் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். குளத்துக்கு இருப்பதுபோல் அதற்குச் சரிவான கரை கிடையாது. நேராக வெட்டிய சுவர், முதல் அடியிலேயே ஆழம், பிடித்து ஏற ஒன்றுமிருக்காது. நீச்சல் தெரிந்தவர்களும் அதில் இறந்துபோயிருக்கிறார்கள்.

நேரம் மிஞ்சினால்

திருச்சிப் பக்கம் போகிறவர்களுக்குக் கீழவளவு சுற்று. அவர்கள் மேலூருக்கு வடக்கே நான்குவழிச் சாலையிலேயே வரும் கருங்காலக்குடியில் நிற்கலாம். அங்கேயும் பஞ்சபாண்டவர் குன்று, படுக்கைகள், தமிழிக் கல்வெட்டு உண்டு. கற்படுக்கைகளின் எண்ணிக்கை அங்கே அதிகம்.

அழகர்கோவில் போகிறவர்கள் அரிட்டாபட்டிக்குத் திரும்பலாம். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த பகுதி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. குடைவரைச் சிவன் கோயில் ஒன்றும் அங்கே இருப்பதால் ஒரு மணி நேரம் போதாது, அரைநாள் ஒதுக்குங்கள். அங்குள்ள தமிழிக் கல்வெட்டு ஒன்று “நெல்வெளிஇய் சிழிவன் அதினன் வெளியன் முழாகை கொடுபிதோன்” என்கிறது. கீழவளவில் பளி என்று எழுதியதை இவர் முழாகை என்கிறார். முழை என்றால் குகை. முழாகை என்ற சொல்லை வரியின் பின்பாதியில், கொடுத்ததைச் சொல்லும் சொல்லுக்குச் சற்று முன்னால் தேடுங்கள். கூட்டல் குறி அங்கேயும் உதவும்.